ஓடிக்கொண்டிருக்கும் கல்லறை

அத்தியாயம் 6

மூன்று மணிக்கு அடக்கம். இப்போது மணி ஒன்பது ஐம்பது. குழியை எங்கே தோண்டுவது என்று உயிரோடு இருக்கிற யாருக்கும் தெரியவில்லை.

பிர்ரிண்டா ஊராட்சி அலுவலக வாசலில் ஸ்னோவி தன் குழி தோண்டும் இயந்திரத்தை நிறுத்திவிட்டு, அதன் மேலேயே உட்கார்ந்து சான்ட்விச் சாப்பிட்டுக்கொண்டிருந்தான். வெள்ளம் விட்டுப்போன சேறு காய்ந்து கட்டியாகிவிட்டதாம், தோண்ட இரண்டு மணி நேரமாவது பிடிக்குமாம். ஒரு மணிக்குள் இடத்தைச் சொல்லாவிட்டால் தனக்குப் பிடித்த இடத்தில் தோண்டிவிடப் போவதாக என் பாஸ் டெல்மா க்ரோகருக்குத் தகவல் தெரிவித்தான். ஸ்னோவிக்குப் பிடித்த இடம் என்றால் நிழல் விழுகிற இடம்.

துப்பறிய எங்களை அமர்த்தியது மார்கோ. டார்வினிலிருந்து வந்திருக்கிறாள். அவளுடைய அப்பா மெர்வ் டாலண்ட் எங்கள் ஊர்க் கல்லறையைப் பல வருடம் பார்த்துக்கொண்டவர், இரண்டு மாதம் ஆஸ்பத்திரியில் கிடந்து செவ்வாய்க்கிழமை காலமானார். அம்மா ஜாய்ஸ் போய் இருபத்திரண்டு வருடம். அம்மாவுக்குப் பக்கத்தில் அப்பா. மார்கோ கேட்டது அவ்வளவுதான். அந்த அவ்வளவுதான் எங்கே இருக்கிறது என்பதுதான் வழக்கு. போன மாத வெள்ளம் மரச் சிலுவைகள், எண் போட்ட முளைகள், பதிவுப் புத்தகம் இருந்த கொட்டகை எல்லாவற்றையும் சுருட்டிக்கொண்டு போய்விட்டது. அறுபத்து மூன்று சிலுவைகள் குதிரைப் பந்தயத் திடல் வேலியில் சிக்கியிருந்தன. கல்லறை இப்போது கால்பந்து ஆடலாம் போலச் சமதளமாகக் கிடக்கிறது.

பதிவெல்லாம் கம்ப்யூட்டரிலும் இருந்தது. கல்லறைக்கென்று மெர்வின் மேஜையில் தனியாக ஒரு பழைய கம்ப்யூட்டர். அது திங்கள் மதியம் ஒரு விக்கல் விக்கி நிரந்தரமாக நின்றது. அவருக்கு ஒரு நாள் முன்னால் போய்விட்டது, விசுவாசமான ஜீவன். மிச்சம் இருப்பது பேக்கப் டேப் ஒன்றுதான். அந்த டேப்பைக் காணோம்.

நேற்று முழுவதும் அதைத்தான் தேடினோம். டேப் அலமாரியில் ஏழு அறைகள். தண்ணீர், சாலை, நாய் உரிமம், நூலகம், நீச்சல்குளம், வரி, கல்லறை. ஆறு அறைகளில் டேப் இருந்தது. ஏழாவதில் தூசி இருந்தது.

"மேனேஜர் ஸ்ட்ரட் பார்வையில குற்றவாளி ஏற்கெனவே ரெடி," என்றேன் படியேறும்போது. "ரேலீன். அலமாரிச் சாவி அவகிட்ட. இன்னிக்கு சாயந்திரம் வேலையிலிருந்து நிறுத்தறாராம்."

"சாவி இருக்கிறவன் பூட்டை உடைக்கமாட்டான். அதுமட்டும்தான் சாவி சொல்ற விஷயம்," என்றார் டெல்மா.

டெல்மா இருபத்தாறு வருடம் போலீசில் ஆடு மாடு திருட்டுப் பிரிவில் இருந்தவர். ஆட்டின் காதைப் பார்த்தே அது யாருடையது, எப்போது கை மாறியது, மாற்றியவன் அன்று குடித்திருந்தானா என்று சொல்லிவிடுவார். கம்ப்யூட்டருக்குக் காது கிடையாது என்பதால் நான். நெவ் க்வில்டி, ஆட்டு ரோமம் கத்தரிக்கிற கும்பல்களுக்குப் பதினெட்டு வருடம் சமையல்காரன். முதுகு போன பிறகு ஆறு மாதக் கம்ப்யூட்டர் படிப்பு. இரண்டு தொழிலிலும் விஷயம் ஒன்றுதான். நாற்பது பேர் பசியோடு நிற்கும்போது எது வெந்தது, எது வேகவில்லை என்று தெரிந்திருக்க வேண்டும்.

ரேலீன் ஐம்பது வயதுக்காரி, கண்கள் இரண்டும் அழுது வீங்கியிருந்தன. தினமும் காலையில் தான் செய்வதை அப்படியே செய்து காட்டினாள். கறுப்புத் திரை. அதில் ஒரு வரிக் கட்டளை. தட்டியதும் பதில் ஒரே வரியில் வந்தது: தோல்வி அடைந்த பேக்கப் வேலைகள், பூஜ்யம். அதை அச்செடுத்து, கையெழுத்துப் போட்டு, ஸ்ட்ரட்டின் மேஜையில் வைக்க வேண்டும். அவ்வளவுதான் அவளுக்குச் சொல்லிக் கொடுத்தது.

ஸ்ட்ரட்டே வந்தார். கஞ்சி போட்ட அரைக்கால் சட்டை, முழங்கால் வரை சாக்ஸ், கையில் சட்டம் போட்ட ஒரு பலகை. அதில் பெரிய எண்: 412. அத்தனை நாளாக ஒரு தோல்வி கூட இல்லையாம். ஐந்நூறாவது நாளுக்குக் கேக் சொல்லியாகிவிட்டது, கேக்கின் மேல் எழுத வேண்டிய வாசகமும் எழுதியாகிவிட்டது. ஆக பேக்கப் நடந்திருக்கிறது, டேப் திருட்டுப் போயிருக்கிறது, அவருடைய கணக்கு நேர்கோடு.

நான் டேப் இயந்திரம் இருந்த அலமாரியைத் திறந்தேன். கிறிஸ்துமஸ் தோரணங்களுக்கு நடுவே ஏழு டேப் பெட்டிகள். எல்லாவற்றுக்கும் கீழே இருந்த பெட்டியின் நெற்றியில் ஒரு பிளாஸ்திரி ஒட்டியிருந்தது.

"இதை யார் அடிச்சது?"

விளக்கு கண் சிமிட்டிக்கொண்டே இருந்ததாம், ரேலீனுக்குத் தலைவலி வந்ததாம், அதனால் ஒட்டினாளாம். நான் சிரித்தேன். சிரித்துவிட்டு அலமாரியை மூடினேன். இதை இங்கே எழுதி வைக்கிறேன், பின்னால் யாராவது என்னைப் புத்திசாலி என்று சொல்ல வந்தால் தடுக்கட்டும்.

பத்து மணிக்கு மணி அடித்தது. பிர்ரிண்டாவில் பத்து மணி டீயை நிறுத்த வெள்ளத்தாலும் முடியவில்லை. கொலையே நடந்தாலும் பிணத்தைத் தாண்டிப் போய்க் கெட்டிலை வைப்பார்கள். எல்லோரும் டீ அறைக்கு நகர்ந்தார்கள், நாங்களும் போனோம். தேங்காய்த்தூள் புரட்டிய லாமிங்டன் கேக் இருந்தது.

நான் நான்காவது லாமிங்டனில் இருந்தபோது டெல்மா சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தார். சுவரில் வெள்ளைப் பலகை. மேல் பாதியில் பாத்திரம் கழுவும் முறை. கீழ்ப் பாதியில் ஏழு வரிகள். தண்ணீர் 54. சாலை 55.5. நாய் 53. நூலகம் 52. நீச்சல்குளம் 51. வரி 56. கல்லறை 61. ஆறு வரிகளுக்கு எதிரே அலுவலக ஆட்களின் பெயர்கள். கல்லறைக்கு எதிரே மட்டும் துடைத்த தடம்.

"உடம்பு இளைக்கிற போட்டி," என்றேன். "எடை எழுதி வெச்சிருக்காங்க. நாய் அம்பத்து மூணு கிலோ. அதை நான் இருட்டுல பாக்க விரும்பல."

டெல்மா பலகையிலிருந்து கண்ணை எடுக்காமலே என்னைப் பால் எடுத்து வரச் சொன்னார். குளிர்ப்பெட்டியில் பால் இல்லை, பக்கத்தில் இருந்த பெரிய உறைபெட்டியைத் திறந்தேன். அங்கே பாலும் இல்லை. ஒன்பது கறித் தட்டுகள் இருந்தன. மதுக்கடையில் வெள்ளிக்கிழமை குலுக்கலில் கொடுப்பார்களே, அதே மாதிரி: பன்னிரண்டு சாஸேஜ், ஆறு சாப்ஸ், ஒரு துண்டு ஸ்டேக், ஓரத்தில் பச்சைப் பிளாஸ்டிக் புல். ஒவ்வொன்றிலும் கசாப்புக்கடைச் சீட்டு, ஒவ்வொரு சீட்டிலும் ஒரு வெள்ளிக்கிழமைத் தேதி. ஒன்பது வாரத் தட்டுகள், எதையும் யாரும் தொடவில்லை.

சமையல்காரனாகச் சொல்கிறேன், இது நடக்காத காரியம். இந்த ஊரில் பொதுப் பெட்டியில் வைத்த தயிரே மதியம் வரை தாங்காது. என்னுடைய பெயர் எழுதிய தயிரைத் தின்றுவிட்டு என் பெயரையே மூடியில் திருத்தி எழுதி வைத்தவர்கள் இவர்கள்.

"பாஸ், இவ்வளவு பேர் வாயைக் கட்டிக்கிட்டு ஒன்பது வாரம் இருந்திருக்காங்க. ஏதாவது மதம் மாறிட்டாங்களா?"

"தொடாத கறின்னா, அது யாருதுன்னு இன்னும் முடிவாகலன்னு அர்த்தம்," என்றார் டெல்மா. பிறகு அறையைப் பார்த்துத் திரும்பினார். யாரும் அவரைப் பார்க்கவில்லை. எல்லோருக்கும் திடீரென்று தங்கள் கோப்பைக்குள் பார்க்க ஏதோ இருந்தது. "ஸ்ட்ரட் மாடிக்குப் போயிட்டார். பந்தயத்தைப் பத்திச் சொல்லு ரேலீன்."

ரேலீன் சொன்னாள். முதலில் மெதுவாக, பிறகு நிறுத்த முடியாமல்.

மெல்போர்ன் கோப்பைப் பந்தய நாளில் நடந்த ஒரு சம்பவத்துக்குப் பிறகு ஸ்ட்ரட் அலுவலகத்தில் குதிரைப் பந்தயச் சீட்டு எடுப்பதைத் தடை செய்துவிட்டார். குதிரைதானே கூடாது என்று இவர்கள் யோசித்தார்கள். தினமும் மாலை ஐந்து மணிக்கு ஏழு பேக்கப் வேலைகளும் ஒரே நேரத்தில் கிளம்பும், வெள்ளிக்கிழமை ஓட்டம்தான் பந்தயம். கறுப்புத் திரையில் கட்டளையைத் தட்டித் தட்டி எது எவ்வளவு தூரம் போயிருக்கிறது என்று பார்க்கலாம். தொப்பியில் சீட்டுப் போட்டு ஆளுக்கு ஒரு வேலை. யாருடைய வேலை முதலில் முடிகிறதோ அவருக்குக் கறித் தட்டு. கசாப்புக்கடைக்காரர் தட்டை இனாமாகக் கொடுத்தார், பதிலுக்கு ஜன்னல் வழியாக வேடிக்கை பார்த்தார்.

சிக்கல் என்னவென்றால் கல்லறையே எப்போதும் ஜெயித்தது. தண்ணீருக்கு ஆயிரம் வீட்டு மீட்டர், சாலைக்கு ஆயிரம் குழி. கல்லறையில் வருடத்துக்கு ஏழு பேர் சேர்ந்தால் பெரிது. நான்கே நொடியில் ஓடி முடித்துவிடும். சீட்டில் கல்லறை வந்தவர் வீட்டுக்குத் தட்டோடு போவார், மற்றவர்கள் ரொட்டி வாங்கப் போவார்கள். அதனால் பந்தயத்தில் என்ன செய்வார்களோ அதையே செய்தார்கள்.

"ஈயம் ஏத்தினீங்க," என்றார் டெல்மா.

எனக்கு அப்போதுதான் புரிந்தது. ஜெயிக்கிற குதிரையின் சேணத்தில் அடுத்த பந்தயத்துக்கு ஈயத் தகடு செருகுவார்கள், எல்லோருக்கும் வாய்ப்பு வர வேண்டும் என்று. பலகையில் இருந்தது அந்த எடை. கல்லறைக் கோப்புகளோடு கனமான வீடியோப் படங்களைச் சேர்த்திருக்கிறார்கள், அரைக் கிலோவுக்கு ஒரு படம் என்ற கணக்கில். ஜெயிக்க ஜெயிக்க எடை கூடியது. அறுபத்தொரு கிலோவில் அது ஐந்து மணிக்குக் கிளம்பியது, ஒன்பது வாரத்துக்கு முன்னால்.

"இன்னும் வந்து சேரல," என்றாள் ரேலீன்.

"யாரும் தேடிப் போகலயா?" என்றேன்.

"பந்தயத்துல குதிரை லேட்டா வந்தா நடுவுல போயித் தள்ளுவியா நெவ்? எல்லாரும் வந்து சேர்ந்து, எடை பாக்கறவர் 'எடை சரி'ன்னு சொன்னாத்தான் முடிவு. அது வரைக்கும் தட்டு யாருக்கும் கிடையாது. அதான் காத்திருக்கோம்."

ஒன்பது வாரம். சம்பளம் வாங்கும் பத்துப் பேர், ஒரு கல்லறை மூச்சிரைக்க ஓடி வரும் என்று உறைபெட்டியில் சாஸேஜை வைத்துக்கொண்டு காத்திருந்தார்கள். இவர்கள்தான் ஊருக்குச் சாலை போடுகிறவர்கள்.

எடை ஏற்றியது யார் என்று டெல்மா கேட்டார். ரேலீன் தலையை ஆட்டினாள். வேலையை விட்டு எடுத்தாலும் அதை மட்டும் சொல்லமாட்டாளாம். டெல்மா வற்புறுத்தவில்லை. பலகையில் துடைத்த இடத்தை விரலால் தொட்டுப் பார்த்தார். பெயர் மட்டும் போயிருந்தது, 61 என்ற எண்ணின் மேல் துணி படவே இல்லை.

திரைக்கு ஓடினோம். இந்த முறை கேள்வியைச் சொன்னது டெல்மா.

"பட்டியில எத்தனை ஆடு தொலைஞ்சதுன்னு கேக்காத. எத்தனை ஆடு வீட்டுக்கு வந்ததுன்னு கேளு."

தோற்ற வேலைகளை விட்டுவிட்டு, நடந்துகொண்டிருக்கும் வேலைகளைக் காட்டச் சொல்லிக் கட்டளையைத் தட்டினேன். ஒரே வரி வந்தது. கல்லறை. நிலை: ஓடுகிறது. ஓடிய நேரம்: 62 நாள், 18 மணி. அடுத்த டேப்புக்காகக் காத்திருக்கிறது.

முடியாத வேலை தோற்காது. தோற்காததால் பூஜ்யம். பழைய ஓட்டம் முடியாததால் புதிய ஓட்டம் கிளம்பவும் இல்லை. முதல் டேப் நிரம்பியதும் அது அடுத்ததைக் கேட்டு விளக்கைச் சிமிட்டியிருக்கிறது, விளக்கின் மேல் பிளாஸ்திரி. நான் அலமாரிக்குப் போய் அதை உரித்தேன். மஞ்சள் விளக்கு என்னைப் பார்த்து நிதானமாகக் கண்ணடித்தது.

டேப் எங்கேயும் போகவில்லை. உள்ளேயே இருந்தது.

அதை எடுக்க வேண்டுமானால் வேலையை ரத்து செய்ய வேண்டும். என் விரல் விசைக்கு மேல் இருந்தபோது ஸ்ட்ரட் பலகையோடு வந்து நின்றார். ரத்து என்றால் அது எந்தக் கணக்கில் வரும் என்றார். தோல்விக் கணக்கில் என்றேன். அவர் முகம் புளித்தது. நானூற்றுப் பன்னிரண்டு நாள். மாநில விருதுக் குழுவுக்குக் கடிதம் போயிருக்கிறது. திங்கட்கிழமை ஒரு குழு அமைத்து ஆராயலாமே என்றார். கூட்டத்தின் பின்னாலிருந்து நீச்சல்குளம் சீட்டு வைத்திருந்தவர், ரத்து செய்தால் பந்தயமே செல்லாது, தட்டு ஒன்பதும் என்ன ஆவது என்று முணுமுணுத்தார். வாசலில் ஸ்னோவி இயந்திரத்தைக் கிளப்பி, நிழல் இருக்கும் திசையில் திருப்பும் சத்தம் கேட்டது.

மார்கோ அதுவரை சுவரோரமாக நின்றிருந்தாள். யாரையும் தள்ளாமல் முன்னால் வந்தாள்.

"அப்பா ஞாயித்துக்கிழமை ஒண்ணு விடாம அம்மாகிட்ட போவார். நான் இருபத்திரண்டு வருஷத்துல நாலு தடவை போயிருக்கேன். இடம் எனக்குத் தெரிஞ்சிருக்கணும். தெரியல. அதை எப்படி வெளிய சொல்றதுன்னு தெரியாமத்தான் துப்பறியறவங்களைக் கூப்பிட்டேன்."

ஸ்ட்ரட் பலகையைப் பார்த்தார், அவளைப் பார்த்தார். நான் அவர் முடிவெடுக்கட்டும் என்று காத்திருக்கவில்லை. தட்டிவிட்டேன்.

டேப் பெட்டி ஒரு பெருமூச்சு விட்டது. உள்ளே பின்னோக்கிச் சுற்றும் சத்தம். அந்த அரை நிமிடத்தில் எனக்கு வியர்த்தது, ஏனென்றால் ரத்தான டேப்பைச் சில இயந்திரங்கள் வெற்று டேப்பாக நினைத்துக்கொள்ளும். இதை நான் யாரிடமும் சொல்லியிருக்கவில்லை. பிறகு படிக்கச் சொல்லிக் கட்டளை கொடுத்தேன். முதலில் வந்தது கல்லறைப் பதிவு, முழுசாக. ஈயமெல்லாம் அதற்குப் பின்னால்தான் ஏற்றியிருந்தது.

வெள்ளத்தில் அசையாத கல் வாசல் தூணிலிருந்து அளவு போட்ட வரைபடமும் கூடவே இருந்தது. ஆறாவது வரிசை, பதினொன்று: ஜாய்ஸ் டாலண்ட். பன்னிரண்டு: மெர்வ் டாலண்டுக்காக ஒதுக்கியது. இரண்டுக்கும் ஒரே தேதி. மனைவியைப் புதைத்த அன்றே தனக்கும் இடம் எழுதிவிட்டுத்தான் மனுஷன் வீட்டுக்குப் போயிருக்கிறார்.

மார்கோ திரையில் அந்த வரியை விரலால் தொட்டுக்கொண்டே நின்றாள். ரேலீன் ஜன்னலில் தலையை நீட்டி ஸ்னோவியைக் கூப்பிட்ட கூச்சலில் பக்கத்துத் தெரு நாய்கள், உரிமம் உள்ளவை இல்லாதவை எல்லாம், எழுந்துகொண்டன. மணி பன்னிரண்டு இருபது.

ஸ்ட்ரட் இப்போது நியாயம் கேட்டார். அரசாங்க டேப்பில் வீடியோப் படங்களை ஏற்றி வேலையைக் கெடுத்த குற்றவாளி யார், கோப்புகளில் பெயர் இருக்குமே, உடனே பார் என்றார்.

"பாக்க வேண்டாம் நெவ்," என்றார் டெல்மா. "நான் சொல்றேன். குற்றவாளி மூணு மணிக்கு வர்றார். நடந்து வரமாட்டார்."

ஸ்ட்ரட்டுக்குப் புரியவே கொஞ்ச நேரம் ஆனது.

பந்தயத் திடலில் முப்பது வருடம் குதிரைகளுக்கு எடை குறித்து, கடைசியில் 'எடை சரி' சொன்னவர் யார் என்று டெல்மா கேட்டார். மெர்வ் டாலண்ட். வியாழக்கிழமைதோறும் கல்லறைக் கம்ப்யூட்டரில் உட்கார்ந்தது யார்? அதே மெர்வ். பலகையில் எடையை அப்படியே விட்டு வைத்திருந்தார்கள், பெயரை மட்டும் துடைத்திருந்தார்கள். வேலையை விட்டுப் போனவன் பெயரைச் சுரண்டி எடுப்பார்கள். இந்த அளவு பதவிசாகத் துடைத்தால் அது செத்தவர் பெயர். அதைவிடப் பெரிய விஷயம், அந்த வாரம் சீட்டில் கல்லறை விழுந்தது அவருக்கே. தன் குதிரைக்கே அறுபத்தொரு கிலோ ஏற்றிவிட்டு உட்கார்ந்திருக்கிறார்.

"வீட்டுல கிறிஸ்துமஸ் புட்டிங்கைத் தராசுல நிறுத்துத்தான் வெட்டுவார்," என்றாள் மார்கோ. சிரித்தாள், பிறகு அழுதாள். "சின்னத் துண்டு அவருக்கு."

மறு வாரமே அவர் ஆஸ்பத்திரிக்குப் போனார். இருந்திருந்தால் அன்றே வந்து பிளாஸ்திரியை உரித்திருப்பார்.

"ஒரு கேள்வி," என்றேன் ஸ்ட்ரட்டிடம். "அவர் அதுல கை வைக்காம இருந்தா, அந்த ஒரே டேப்புல திங்கள் சாயந்திரம் அஞ்சு மணிக்கு என்ன பதிவாகியிருக்கும்?"

மதியமே செத்துப்போன கம்ப்யூட்டர். அதன் வெறுமையை டேப் அப்படியே பழைய பதிவின் மேல் எழுதிக்கொண்டிருக்கும். நான்கே நொடியில். தோல்வி பூஜ்யம். ஸ்ட்ரட் பலகையைக் கவிழ்த்து மேஜையில் வைத்தார், ரேலீனைப் பார்த்து ஏதோ சொல்ல வாயெடுத்தார், கடைசியில் புது டேப் வாங்க எந்தப் படிவம் என்று கேட்டார். எங்கள் ஊரில் மன்னிப்பு இப்படித்தான் வரும்.

மூன்று மணிக்கு வெயில் கொளுத்தியது. ஆறாவது வரிசையில் பன்னிரண்டாம் குழி நூல் பிடித்த மாதிரி நேராக இருந்தது. ஸ்னோவி அதற்காகத் தலை சீவிக்கொண்டு வந்திருந்தான். வேலியோரத்தில் ஒன்பது தட்டுகளும் உருகிக்கொண்டிருந்தன, சடங்கு முடிந்ததும் நான்தான் சுட வேண்டும். அந்தத் தட்டுகளை மெர்வுக்கே விட்டுக்கொடுப்பது என்று டீ அறையில் ஒரு மனதாக முடிவாகியிருந்தது, நீச்சல்குளம் உட்பட.

பெட்டியை இறக்கினார்கள். பாதிரியார் ஜெபம் சொல்லி முடித்தார். யாரும் நகரவில்லை. ஸ்னோவி இயந்திரத்தைக் கிளப்பவில்லை. பாதிரியார் வெளியூர்க்காரர், தான் எதையாவது விட்டுவிட்டோமோ என்று புத்தகத்தைப் புரட்டினார். அவர் ஒன்றும் விடவில்லை. பந்தயத்தை முடித்து வைக்கிற வார்த்தையை வழக்கமாகச் சொல்கிறவர் பெட்டிக்குள் இருந்தார், அதுதான் சங்கடம்.

மார்கோ குழியின் இந்தப் பக்கம் பார்த்தாள், பக்கத்தில் அம்மா இருந்த வெறும் மண்ணைப் பார்த்தாள். காலால் அடியெடுத்து நடுவில் எவ்வளவு தூரம் என்று அளந்தாள். ஒன்றரை அடி. பிறகு எங்கள் எல்லோரையும் பார்த்துத் தலையசைத்தாள்.

"எடை சரி," என்றாள்.

ஸ்னோவி தொப்பியைப் போட்டுக்கொண்டு இயந்திரத்தைக் கிளப்பினான்.